கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள்

புதிதாகக் குதிரை வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளே, முதலில் உங்கள் வலது கையைக் கொஞ்சம் பாருங்கள். நான் சொல்லப் போகிறதெல்லாம் அந்தக் கையைப் பற்றித்தான்.

உங்களில் சிலர் கித்துல்கல பக்கம் பயணிகளைக் குதிரையில் ஏற்றிப் போகிற இடத்தில் சேர்ந்திருக்கிறீர்களாம். சிலர் ஏப்ரல் ரேசுக்குக் குதிரை பழக்குகிற எங்கள் பழைய பட்டியிலேயே சேர்ந்திருக்கிறீர்களாம். உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லும்படி எங்கள் தோட்டத்து மாத்தயாவின் மகன் கேட்டார். நின்று பேச எனக்கு வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவன். அதனால் எழுதித் தருகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தீனி வைக்கிறது, உடம்பு தேய்க்கிறது, குளம்பு பார்க்கிறது, இதெல்லாம் சொல்லித் தர ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல நினைப்பது பயத்தைப் பற்றி. முதல் நாள் பட்டிக் கதவைத் திறக்கும்போது எனக்குப் பயமாக இருந்தது. வேலையை விட்டுச் சாவியைக் கொடுத்த நாளிலும் பயமாகத்தான் இருந்தது. நடுவில் ஒரு காலையாவது நெற்றியில் சிலுவை போடாமல் நான் உள்ளே போனதில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

எங்கள் தோட்டம் புளத்கொகுபிட்டியவுக்கு மேலே. ரப்பரும் தேயிலையும் கலந்த மலை. சொந்தக்காரர் சிங்களவர், எல்லாரும் மாத்தயா என்போம். அவருக்குக் குதிரைப் பைத்தியம். வருஷா வருஷம் நுவரெலியா ரேசுக்குக் குதிரை கொண்டு போகாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. ஆனால் பிள்ளைகளே, இது குதிரைக்கான ஊரே இல்லை. எப்போதும் ஈரம். குளம்பு அழுகும். அட்டை மூக்குக்குள் ஏறிவிடும். ஏறினால் அந்த அத்தனை பெரிய மிருகம் தலையைச் சுவரில் மோதிக்கொண்டு குதிக்கும். கிட்டே போகவும் முடியாது, போகாமல் இருக்கவும் முடியாது. உப்புத் தண்ணீரும் துணியுமாகக் கதவோரம் நின்றிருக்கிறேன்.

இவ்வளவு பயம் என்றால் ஏன் அந்த வேலையில் இருந்தாய் என்று கேட்பீர்கள். முதல் வருஷம் நுவரெலியாவுக்குக் குதிரையோடு போனபோது வேலி ஓரத்தில் நின்றேன். நல்ல குளிர், தூறல். தொப்பி போட்ட பெரிய மனிதர்களும் பிள்ளையை இடுப்பில் வைத்த பெண்களும் ஒன்றாக நெருக்கிக்கொண்டு நின்றார்கள். தூரத்தில் குதிரைகள் புறப்பட்டது எனக்குத் தெரியவில்லை. கால் பாதத்தில்தான் முதலில் தெரிந்தது. தரை நடுங்கியது. அது முழங்காலுக்கு ஏறி நெஞ்சுக்கு வந்தது. சேற்றை வாரி இறைத்துக்கொண்டு எல்லாம் எங்கள் முன்னால் போய்விட்டன. பக்கத்தில் நின்ற ஒரு கிழவி, யார் எவர் என்று தெரியாது, என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நானும் அவள் கையைப் பிடித்திருந்தேன். அந்த ஒரு நிமிஷத்துக்காக மனிதர்கள் வருஷம் முழுக்கக் காத்திருக்கிறார்கள். நானும் அப்படி ஆகிப்போனேன்.

ரேஸ் குதிரை பார்க்கிறது பாவமா என்று ஒருமுறை பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் கேட்டேன். பந்தயம் கட்டுகிறாயா என்றார். இல்லை என்றேன். அப்படியானால் பயப்படாதே, மிருகத்தை நல்லபடி பார் என்று ஆசீர்வாதம் தந்தார். எழுந்து வரும்போது மெதுவாகக் கேட்டார்: "இந்த வருஷம் உங்க வெள்ளக்குதிர எப்படி? ஓடுமா?"

அந்த வெள்ளைக் குதிரையின் கதைதான் இது. ரேசுக்கு அதற்கு நீளமான இங்கிலீஸ் பெயர் உண்டு. பட்டியில் சுத்தா என்போம். சிங்களத்தில் வெள்ளைக்காரரைச் சொல்கிற பெயர். நல்ல குணம். ஆனால் சத்தத்துக்குப் பயப்படும்.

எனக்கு முன்னால் அந்தப் பட்டியில் ஓர் அண்ணன் வேலை செய்தார். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், மாடு வளர்த்துப் பேர் எடுத்த ஆள். நம் தோட்டத்து ஆட்கள் மாட்டை எப்படிப் பிடிப்போம்? கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, காலை ஊன்றி நிற்போம். மாடு கொஞ்சம் இழுக்கும், பிறகு நின்றுவிடும். அந்த அண்ணனும் குதிரையின் தலைக்கயிற்றை அப்படித்தான் சுற்றிப் பிடித்தார். அது அவருடைய குற்றமில்லை. பிறந்ததிலிருந்து கை பழகிய பழக்கம். ஒருநாள் ரோட்டில் மணல் லொறி ஒன்று ஹோர்ன் அடித்தது. குதிரை பாய்ந்தது. சுற்றிய கயிறு கழலவில்லை. தார் ரோட்டில் மதகு வரைக்கும் அவரை இழுத்துக்கொண்டு போனது. நான் அப்போது புல் வெட்டிக்கொண்டிருந்தேன். கண்ணால் பார்த்தேன். ஆள் பிழைத்தார். இன்றைக்கும் தேத்தண்ணிக் கோப்பையை இடது கையால்தான் பிடிப்பார். அவர் இடத்துக்குத்தான் என்னை எடுத்தார்கள்.

என்னைப் பழக்கியவர் நுவரெலியாவில் இருந்து வந்த ஒரு சிங்களப் பெரியவர். அவர் பெயரை எழுதவில்லை, எழுதினால் கோபித்துக்கொள்வார். சிடுமூஞ்சி. வெற்றிலைச் சாறு எந்நேரமும் வாயில். தமிழும் சிங்களமும் கலந்துதான் பேசுவார். அவ்வளவு காலம் குதிரையோடு கிடந்தவர், தினமும் பட்டிக்குள் போகுமுன் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பார். உங்களுக்குமா பயம் என்று கேட்டேன்.

"குதிரைக்கும் பயந்தான் மல்லி," என்றார். தம்பி என்பதை அவர் சிங்களத்தில் மல்லி என்றுதான் சொல்வார், தொல்லையைக் கரச்சல் என்பார். "ரெண்டு பேருக்கும் பயம்னா கரச்சல் இல்ல. ஒருத்தனுக்கு மட்டும் இல்லேன்னாதான் கரச்சல்."

கயிற்றை மணிக்கட்டில் சுற்ற விடமாட்டார். சேலை மடிக்கிற மாதிரி முன்னும் பின்னுமாக மடித்து உள்ளங்கையில் வைக்க வேண்டும். ஒவ்வொரு நாள் காலையும் குதிரையை வெளியே எடுக்குமுன் என் முன்னால் வந்து நின்று, "கைய தொற," என்பார். விரலைத் திறந்தால் கயிறு தானாகக் கீழே விழ வேண்டும். எங்காவது சிக்கினால் பிரம்பால் விரல் முட்டியில் ஒன்று விழும். நான் பிள்ளை குட்டிக்காரன், கங்காணி கூட என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். இந்த மனிதரிடம் தினமும் அடி. லயத்துப் பெண்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரிப்பார்கள். "என்ன அண்ணே, இன்னைக்குப் பாஸா பெயிலா?" என்பார்கள்.

அந்தப் பெரியவர்தான் என் மகள் ஜெனிட்டாவைக் குதிரையில் ஏற்றினார். என்னைக் கேட்கவில்லை. அவள் ஓ லெவல் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த நேரம். புல் கட்டு போட்டுவிட்டு நிமிர்ந்தால், சுத்தாவின் முதுகில் என் பிள்ளை. கத்தினால் குதிரை மிரளும் என்று கத்தவும் பயம். பெரியவர் திரும்பிப் பார்த்து, "இவளுக்குக் கை நல்லம். ஒனக்கு மாதிரி மாட்டுக் கை இல்ல," என்றார்.

பிறகு அவளை இறக்க யாராலும் முடியவில்லை. ரிசல்ட் வந்தது, கணக்கில் போய்விட்டது. திரும்ப எழுதச் சொன்னேன். எழுதினாள், பாஸ் ஆனாள், ஆனாலும் குதிரையை விடவில்லை. என் வீட்டுக்காரி செல்வராணி பால் வெட்டுகிறவள். ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பதைத்தான் சொல்கிறேன். அவள் மலையில் இருந்து வந்து தினமும் சண்டை போடுவாள். "பொம்பளப்புள்ள கை கால் ஒடஞ்சு கெடந்தா நாளைக்கு யாருங்க வருவா?" என்பாள். மகள் அதற்கு, "வராட்டி சுத்தாவக் கட்டிக்கிறேம்மா, அவனுக்குச் சமைக்கவும் தேவையில்ல," என்பாள். சிரிப்போம். சிரித்துவிட்டு செல்வராணி மாதா படத்துக்கு முன்னால் போய் முழங்காலில் நிற்பாள்.

பெரியவர் வயசாகி ஊருக்குப் போன பிறகு ஒரு வருஷம், ஏப்ரல் ரேசில் சுத்தாவை ஜெனிட்டாவே ஓட்டட்டும் என்று மாத்தயா முடிவு எடுத்தார். அனுமதி எல்லாம் எடுத்தாகிவிட்டது. எங்கள் லயமே வேன் பேசி நுவரெலியாவுக்குப் போகப் பேச்சு. எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை.

பட்டியில் இருந்து குதிரையை ஓட விடுகிற வெளி கீழே ஓயா என்கிற சிற்றாற்றின் கரையில் இருந்தது. அதுவரை மலை ரோட்டால் இறங்க வேண்டும். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். அதனால் வெளி வருமட்டும் நான் தலைக்கயிற்றைப் பிடித்து நடப்பேன், மகள் மேலே இருப்பாள். நடுவில் ஒரு வளைவில் ரோட்டுக்கு மேலே பெரிய கல். அந்தக் கல்லின் கீழ்ப்பக்கத்தில் குளவி கூடு கட்டியிருந்தது. உண்மையில் அது பெரிய மலைத்தேனீ, சிங்கள ஆட்கள் பம்பரா என்பார்கள். நமக்கு எல்லாமே குளவிதான். தூரத்தில் இருந்து பார்த்தால் கறுப்புக் கம்பளியை நனைத்துத் தொங்கப்போட்ட மாதிரி இருக்கும். அந்த இடம் வந்தால் தோட்டத்து ஆட்கள் வாய் திறக்க மாட்டோம். பால் வெட்டுகிற பெண்கள் வாளி சத்தம் போடக் கூடாதென்று பிடியில் துணி சுற்றிக்கொண்டு போவார்கள். நாங்களும் குதிரையின் லாடம் தாரில் தட்டாமல் புல் ஓரமாகத்தான் நடத்துவோம். ஆனால் புல் இருப்பது பள்ளத்துப் பக்கம்.

அன்றைக்கு நல்ல வெயில் காலை. எங்களுக்கு முன்னால் நாலைந்து பெண்கள் வாளியோடு போய்க்கொண்டிருந்தார்கள். நாங்கள் கல்லுக்கு நேரே வந்தபோது மேலே ஒரு பருந்து வந்தது. கூட்டில் தேன் கொத்த வந்திருக்கும். ஒரு இறக்கைச் சத்தம்தான் கேட்டது. பிறகு அந்தக் கறுப்புக் கம்பளி அவிழ்ந்தது.

"குளவி. படுங்க," என்று முன்னால் போன ராசம்மா அக்காவின் குரல் கேட்டது.

தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்கு அந்த வார்த்தை போதும். ஓடக் கூடாது, கையை வீசக் கூடாது, இடுப்பில் கட்டுகிற சாக்கைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு குப்புறப் படுக்க வேண்டும். என் முழங்கால் தானாக மடங்கியது. ஆனால் கையில் குதிரை. குதிரைக்கு மேல் என் பிள்ளை. குதிரையைப் படுக்கச் சொல்ல முடியுமா?

முதல் கொட்டு சுத்தாவின் காதோரம் விழுந்தது. அவன் முன்னங்கால் இரண்டையும் தூக்கினான். பின்னங்கால் பள்ளத்துப் பக்கம் ஒரு அடி போனது. மண் உதிர்ந்து கீழே விழுகிற சத்தம் கேட்டது. அப்போது என் கையைப் பார்த்தேன். நான் செய்யவில்லை, கை செய்திருந்தது. பெரியவரிடம் இத்தனை காலம் அடி வாங்கிய கை, கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு காலை ஊன்றி நின்றது. மாட்டைப் பிடிக்கிற மாதிரி.

பிடித்துக்கொண்டே இருந்தால் அவன் அந்த இடத்திலேயே குதிப்பான். இன்னும் இரண்டு குதியில் குதிரை, பிள்ளை, நான், மூன்று பேரும் பள்ளத்தில். விட்டால் ஓடுவான். அந்த இறக்கத்தில், அந்த வளைவில், மேலே என் மகளோடு. ஆண்டவரே, எந்தத் தகப்பன் அந்தக் கயிற்றை விடுவான்?

மேலே இருந்து அவள் சொன்னாள். கத்தவில்லை. குளவிக்குப் பயந்தோ குதிரைக்குப் பயந்தோ, சாதாரணமாகச் சோறு கேட்கிற குரலில் சொன்னாள்.

"அப்பா, கைய தொறங்க."

அந்தப் பெரியவரின் வார்த்தை. இடது கையால் இரண்டு சுற்றையும் அவிழ்த்தேன். விரலைத் திறந்தேன். கயிறு விழுந்தது. சுத்தா போய்விட்டான்.

நான் விழுந்து கிடந்தேன். எங்கிருந்தோ ராசம்மா அக்கா ஊர்ந்து வந்து தன் சாக்கில் பாதியை என் தலைக்கு மேல் போட்டாள். சாக்குக்கு வெளியே இருந்த காலிலும் கழுத்திலும் கொட்டிக்கொண்டே இருந்தது. வலி எனக்குத் தெரியவில்லை. லாடச் சத்தம் எங்கே நிற்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தேன். குளவியின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. அருள் நிறைந்த மரியே என்று தொடங்கினேன், அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. சின்ன வயதில் இருந்து சொல்கிற ஜெபம். திரும்பத் திரும்ப அந்த முதல் மூன்று வார்த்தையிலேயே நின்றேன். பக்கத்தில் ராசம்மா அக்கா முனியாண்டி சாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்சத்தில் என் விலாவில் இடித்தாள்.

"அண்ணே, மனசுக்குள்ள கும்புடுங்க. சத்தத்துக்கு இன்னும் வரும்."

ஒரு சாக்குக்குள் மாதாவும் முனியாண்டியும். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அப்படிக் கிடந்து ஒன்றே ஒன்றுதான் நினைத்தேன். என் பிள்ளையை விட்டுவிட்டு நான் படுத்துக் கிடக்கிறேன்.

இரைச்சல் குறைந்ததும் எழுந்தேன். ஒரு கண் வீங்கி மூடிவிட்டது. இருங்க, இன்னும் அடங்கலை என்று பெண்கள் தடுத்தார்கள். நான் ரோட்டால் இறங்கினேன். ஓடவில்லை. ஓடினால் சீக்கிரம் பார்த்துவிடுவேனே என்ற பயம். வளைவு திரும்புகிற இடத்தில் ரோட்டோரம் புதிதாக உடைந்திருந்தது. ஈர மண், லாடம் சறுக்கிய கோடு, பிறகு ஒன்றுமில்லை. குப்புறப் படுத்துத் தலையை நீட்டிக் கீழே பார்த்தேன். பார்க்குமுன் கண்ணை மூடிக்கொண்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். திறந்தபோது கீழே கெகில்லை என்கிற பெரணிச் செடியும் பாறையும்தான் இருந்தது. கோடு திரும்ப ரோட்டுக்கு ஏறியிருப்பது அப்புறம்தான் தெரிந்தது.

இன்னும் கீழே ஒரு சின்னக் கடை. கடைக்கார முதலாளி வாசலில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிங்களத்தில் கேட்டேன், குதிரை போனதா என்று. போனது என்றார். காற்று மாதிரிப் போனது என்றார். மேலே பிள்ளை இருந்ததா என்று கேட்டேன்.

"உட கவுருத் ஹிட்டியே நே," என்றார்.

மேலே யாரும் இருக்கவில்லை.

பிள்ளைகளே, அந்தக் கடையில் இருந்து ஓயா வரைக்கும் நான் எப்படிப் போனேன் என்று எனக்குத் தெரியாது. ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு புதருக்குள் நீலமாக ஏதோ கிடந்தது. அவள் நீலச் சட்டை போட்டிருந்தாள். கிட்டே போனால் உரப்பை. அதைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

ஓயாவில் சுத்தா வயிறு அளவு தண்ணீரில் நின்றான். தலையைத் தொங்கப் போட்டு நடுங்கிக்கொண்டிருந்தான். அவன் கழுத்துக்கு அந்தப் பக்கம் இரண்டு கை தண்ணீரை அள்ளி அள்ளி அவன் முகத்தில் ஊற்றிக்கொண்டிருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். முகம் அடையாளம் தெரியாத அளவுக்கு வீங்கியிருந்தது. ஆனால் என் பிள்ளைதான்.

ஓடும்போது அவள் நிமிர்ந்து இருக்கவில்லை. அவன் கழுத்தோடு கழுத்தாகப் படுத்து, காதையும் கண்ணையும் தன் கையாலும் உடம்பாலும் மூடிக்கொண்டு போயிருக்கிறாள். கடைக்காரருக்கு வெறும் குதிரைதான் தெரிந்திருக்கிறது. தோட்டத்துப் பிள்ளை இல்லையா, குளவி வந்தால் படுக்க வேண்டும் என்று பழகியவள். குதிரை மேலேயே படுத்திருக்கிறாள்.

நான் தண்ணீருக்குள் இறங்கினேன். அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. அவள் என்னைப் பார்த்து, "அப்பா, இவனுக்கு மூக்கு வீங்குது. மூச்சு எடுக்கக் கஷ்டப்படுறான். மொதல்ல அதப் பாருங்க," என்றாள். பார்த்தேன். வேலை செய்கிறவனுக்கு அது ஒரு பெரிய உதவி. பயத்தை வைக்க ஓர் இடம் கிடைக்கிறது.

மகளுக்கும் எனக்கும் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள். குதிரைக்கு மாத்தயா மிருக வைத்தியரைக் கூட்டி வந்தார். எல்லாம் தேறியது. வீடு தேறவில்லை.

செல்வராணி என்னோடு பேசுவதை நிறுத்தினாள். கடைசியில் ஒருநாள் அடுப்பில் இருந்து திரும்பாமலே சொன்னாள். "புள்ளய விட்டுட்டுப் படுத்துக்கிட்டீங்களே. கட்டிப் புடிச்சிருக்கணும்ங்க."

லயத்திலும் சிலர் அப்படித்தான் பேசினார்கள். பெரியவர் சொன்னது, பள்ளம், கயிறு என்று என்னென்னவோ மனதில் இருந்தது. ஆனால் ஒரு தாயிடம் அதைச் சொல்லி நிற்க எனக்கு முடியவில்லை. ஏனென்றால் எனக்குள்ளும் அந்தக் கேள்வி இருந்தது. சரியாகச் செய்தாலும் மனிதனுக்கு நிம்மதி கிடைத்துவிடுவதில்லை. இதை உங்களுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால் நான் சொல்கிறேன்.

ஜெனிட்டாதான் பேசினாள். முகத்தில் இன்னும் வீக்கம் இருந்தது. தாயின் கையைப் பிடித்து, கொடியில் கிடந்த ஒரு புடவையின் முந்தானையை அந்த மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றினாள். மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டு சட்டென்று இழுத்தாள். செல்வராணி அடுப்படியில் இருந்து வாசல் வரைக்கும் தடுமாறி வந்துவிட்டாள். "இது நான் ஒருத்தி இழுத்தது. குதிர இழுத்தா?" என்றாள் மகள். செல்வராணி மணிக்கட்டைத் தடவிக்கொண்டு நின்றாள். பிறகு எனக்குச் சோறு போட்டாள். பேசவில்லை. ஆனால் போட்டாள்.

ஏப்ரல் ரேசுக்கு ஜெனிட்டா போக வேண்டாம் என்று நான் சொன்னேன். மாத்தயாவும் வேறு ஆளைப் போடுகிறேன் என்றார். அவள் கேட்கவில்லை. பயமாக இல்லையா என்று கேட்டேன். பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஓயாவுக்கு இறங்கின அந்த ஓட்டத்தில் பாதியில் பயம் நின்றுவிட்டது, அதற்குப் பிறகு வந்ததை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை என்றாள். எனக்கு அந்த வேலியோரத்துக் கிழவியின் கை ஞாபகம் வந்தது.

நுவரெலியாவில் அன்றும் தூறல். தோட்டத்து வேன் வந்திருந்தது. வரமாட்டேன் என்று சொன்ன செல்வராணியும் ஜெபமாலையோடு அதில் இருந்தாள். நான் சுத்தாவைத் தலைக்கயிற்றில் பிடித்து நடத்திக்கொண்டு ஓடுபாதைக்கு வந்தேன். மேலே என் மகள், மாத்தயாவின் பச்சை மஞ்சள் சட்டையில். விட வேண்டிய இடம் வந்தது. மற்ற ஆட்கள் எல்லாரும் விட்டுவிட்டார்கள். என் கை மூடியபடியே இருந்தது. சுற்றியிருக்கவில்லை, மடிப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் விரல் வரவில்லை.

அவள் குனிந்து என் விரல் முட்டியில், அந்தப் பெரியவர் பிரம்பால் தட்டுகிற அதே இடத்தில், விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். கை திறந்தது.

திரும்பி வேலியோரம் வந்தேன். புறப்பட்டதும் சனங்களின் சத்தம் எழும்பியது. பிள்ளைகளே, தூரத்தில் இருந்து கேட்டால் அந்தச் சத்தம் குளவி இரைகிற மாதிரியே இருக்கும். என்னால் முடியவில்லை. அத்தனை பெரிய மனிதர்களுக்கு நடுவில் நான் குந்தி, போட்டிருந்த கோட்டை இழுத்துத் தலைக்கு மேல் மூடிக்கொண்டேன். பக்கத்தில் நின்றவர் நல்ல உடுப்புப் போட்ட தமிழ் ஆள். குனிந்து, "என்ன ஐயா, சுகமில்லையா?" என்று கேட்டார்.

தரை நடுங்கத் தொடங்கியது. பாதத்தில், முழங்காலில். மாதாவின் ஜெபத்தைத் தொடங்கினேன். இந்த முறை மூன்று வார்த்தையைத் தாண்டி வந்தது. முடிவு வரைக்கும் வந்தது. அது முடிகிறபோது லாடச் சத்தமும் எங்களைத் தாண்டிப் போய்விட்டது. கோட்டுக்குள் இருந்தே அந்த ஆளின் காற்சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"ஐயா, அந்த வெள்ளக்குதிர."

"மூணாவதா போகுது. பந்தயம் கட்டியிருக்கீங்களா?"

"அது இல்லைங்க," என்றேன். "மேல ஆள் இருக்கா?"

அவருக்கு விளங்கவில்லை. என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு கையை நெற்றியில் வைத்து ஓடுபாதையின் கடைசி வரைக்கும் எனக்காகப் பார்த்தார்.

"இருக்காங்க," என்றார். "நிமிந்து ஒக்காந்திருக்காங்க."